ஃபிஷ், ஃபிஷஸ்: எது பன்மை?

கேள்வி: ஜனவரி 6, காலை 10.12

மகள் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் "தேர் ஆர் மெனி ஃபிஷஸ் இன் தி டேங்க்" என்று ஒரு வரி. வகுப்பில் அதைச் சிவப்பு மையால் சுழித்து, "ஃபிஷ் என்பதற்குப் பன்மையும் ஃபிஷ்தான், ஃபிஷஸ் என்று ஒரு சொல்லே கிடையாது" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அகராதியைத் திறந்தால் இரண்டும் இருக்கிறது. எதை நம்புவது?

ஜனவரி 6, மதியம் 1.35

சொல்லே கிடையாது என்பது தவறு. அந்த இடத்தில் ஃபிஷ் என்று திருத்தியது சரி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் சண்டை பாதி முடிந்துவிடும்.

இன்றைய ஆங்கிலத்தில் தலையை எண்ணினால் ஃபிஷ், இனத்தை எண்ணினால் ஃபிஷஸ். தொட்டியில் இருபது மீன் நீந்தினால் ட்வென்டி ஃபிஷ். மீனியல் படித்தவர் "த்ரீ ஃபிஷஸ்" என்று எழுதினால் மூன்று இனங்கள் என்று பொருள். அந்த மூன்று இனத்திலுமாகச் சேர்த்து மூவாயிரம் மீன் இருக்கலாம். பெயரிட்டு விவரிக்கப்பட்ட மீன் இனங்கள் 34,000க்கு மேல். அத்தனையையும் வைத்து மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு அவ்வளவாக வேண்டாம்.

பழைய நூல்களில் தலையை எண்ணும்போதே ஃபிஷஸ் வரும். அதைப் பிழை என்று சொல்ல முடியாது, பழசு என்று சொல்லலாம். அது தனிக் கதை.

ஜனவரி 6, இரவு 9.50

"பன்மைக்கு அடையாளமே இல்லாமல் ஒரு சொல் எப்படிப் பிழைக்கும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழில் எழுதிக்கொண்டே இதைக் கேட்கலாமா?

பத்து மீன் பிடித்தான் என்கிறோம். பத்து மீன்கள் பிடித்தான் என்றால் யாரோ பாடப்புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்கும். நன்னூல் இந்த வகைச் சொல்லுக்குப் பெயரே வைத்திருக்கிறது: பால்பகா அஃறிணைப் பெயர். மீன் நீந்துகிறது என்றால் ஒன்று, மீன் நீந்துகின்றன என்றால் பல. பெயர் அசையாமல் நிற்கும், வினை காட்டிக்கொடுக்கும். தொல்காப்பியத்தின் பெயரியலிலும் இதே கருத்துதான்: அஃறிணை இயற்பெயர் ஒருமையா பன்மையா என்பது வினையோடு வரும்போது தெரியும். கள் விகுதி வேண்டுமானால் சேரும், வேண்டாவிட்டால் சேராது.

ஆங்கில ஃபிஷ்ஷும் அதே ஆள்தான். தி ஃபிஷ் இஸ் என்றால் ஒன்று. தி ஃபிஷ் ஆர் என்றால் பல. ஆங்கிலத்தில் இப்படி நடக்கும் சொற்கள் கொஞ்சம்தான்: ஆட்டுக்கு ஷீப், மானுக்கு டியர், சில மீன் பெயர்கள். தமிழில் அஃறிணை முழுக்கவே இப்படி நடக்கிறது. நமக்கு இது சிரமமாகப் படவே கூடாது. பன்மை என்றால் எஸ் சேர்க்க வேண்டும் என்று முதல் வகுப்பில் மண்டையில் ஏற்றிவிட்டதுதான் வினை. இது இலக்கண வினை அல்ல.

ஜனவரி 7, காலை 7.20

எழுத்துக்கூட்டல் பற்றி யாரும் பேசவில்லை. ஃபிஷ் என்பதோடு வெறும் எஸ் சேர்த்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எஸ், எக்ஸ், இஸட், சி-ஹெச், எஸ்-ஹெச் இவற்றில் முடிந்தால் பெரும்பாலும் இ-எஸ் சேர்க்க வேண்டும். டிஷ், டிஷஸ், பாக்ஸ், பாக்ஸஸ். ஷ் ஒலித்த வாயால் உடனே இன்னொரு ஸ் ஒலிப்பது கஷ்டம், நடுவில் ஓர் உயிர் வேண்டும். பஸ் என்பதைப் பஸ்ஸு ஆக்கிய நம் நாக்குக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஜனவரி 7, காலை 7.31

விட்டுப்போனது: "ஹி ஃபிஷஸ் எவ்ரி சண்டே" என்பதில் இருக்கும் ஃபிஷஸ் பெயரே அல்ல, வினை. மீன் பிடிக்கிறான் என்று பொருள். தேடுபொறியில் ஃபிஷஸ் இத்தனை லட்சம் இடத்தில் இருக்கிறது என்று கணக்குக் காட்டுகிறவர்கள் முதலில் இதைக் கழித்துவிட்டு வரட்டும். கணினியில் இருக்கும் பிழைதிருத்தி ஃபிஷஸுக்குக் கீழே சிவப்புக் கோடு போடாததை வைத்தும் எதையும் நிறுவ முடியாது. அதற்குச் சொல் இருக்கிறதா என்பதுதான் கவலை, எந்த இடத்தில் இருக்கிறது என்பது அல்ல.

ஜனவரி 8, இரவு 11.05

வினை காட்டிக்கொடுக்கும் என்று முந்தாநாள் எழுதியதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கட்ட வேண்டும். தமிழில் நிகழ்காலத்தில் மட்டுமல்ல, இறந்தகாலத்திலும் காட்டிக்கொடுக்கும்: நீந்தியது, நீந்தின. ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில்தான், அப்புறம் வாஸ், வேர், ஹாஸ், ஹாவ் வருகிற இடங்களில்தான். "தி ஃபிஷ் ஸ்வாம் அவே" என்று எழுதிவிட்டால் ஒன்றா பலவா என்று கடவுளுக்கே தெரியாது. "தி ஃபிஷ் டைட்" என்பதும் அப்படியே.

மொழிபெயர்க்கிறவனுக்கு இது எவ்வளவு தொல்லை என்று ஒரு நீர்வாழ் காட்சியகத்தின் கையேட்டைத் தமிழாக்கும்போது பார்த்தேன். தொட்டித் தண்ணீரில் குளோரின் கலந்துவிட்டதைப் பற்றி ஒரு பத்தி. கடைசி வரி: சில மணி நேரத்தில் தி ஃபிஷ் டைட். செத்தது ஒன்றா, தொட்டி முழுக்கவா? ஆங்கிலத்தில் படிக்கும்போது உறுத்தவில்லை. தமிழில் இறந்தது என்று எழுதுவதா, இறந்தன என்று எழுதுவதா என்று வந்தவுடன் கை நின்றுவிட்டது. மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். "ஆல் ஆஃப் தெம்" என்று பதில் வந்தது. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தால் ஒற்றை மீனைக் கொன்றுவிட்டு மற்றதைப் பிழைக்க வைத்தது. நல்ல மனசு.

ஜனவரி 8, இரவு 11.40

படுக்கப் போனவன் திரும்பி வந்தேன். பேச்சுத்தமிழைக் கணக்கில் எடுக்கவே இல்லையே. "மீன் செத்துப்போச்சு." ஒன்று செத்தாலும் இதுதான், நூறு செத்தாலும் இதுதான். "மீன் எல்லாம் செத்துப்போச்சு" என்று எல்லாம் போட்டுத்தான் பன்மை காட்டுகிறோம். ஆக, வாயில் நாமும் ஆங்கில இறந்தகாலம் மாதிரிதான் நடந்துகொள்கிறோம். நன்னூல் சொல்வது எழுதுகிற தமிழுக்கு. பேசுகிற தமிழில் வினையும் கைவிட்டுவிடும், எண்ணுப்பெயரோ "எல்லாம்" என்ற சொல்லோ வந்துதான் காப்பாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வேலையை ஏ, தீஸ், மெனி, ஸெவரல் செய்கின்றன.

ஜனவரி 9, மாலை 6.15

அதே கையேட்டில் இன்னொரு தகராறும் உண்டு. ஆங்கில மூலத்தை எழுதியவர் மீனியல் ஆள், "ரீஃப் ஃபிஷஸ்" என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டிருந்தார். அதை அச்சுக்குத் தயார் செய்தவர் அத்தனை ஃபிஷஸையும் ஃபிஷ் ஆக்கினார். எழுதியவர் அத்தனையையும் பழையபடி மாற்றினார். என் கைக்கு மெய்ப்பு வந்தபோது ஒரே பக்கத்தில் இரண்டு நிற மையில் இருவரும் கத்திச்சண்டை போட்டிருந்தார்கள். பவளத்திட்டில் வாழும் பல இன மீன்களைப் பற்றிய அத்தியாயத்தில் எழுதியவர் சொன்னதே சரி. "தீவனம் போடும் நேரத்தில் ஃபிஷஸ் மேலே வரும்" என்ற வரியில் அச்சுக்காரர் கை ஓங்கியிருக்க வேண்டும், அங்கே இனம் முக்கியமில்லை. இருவருமே வரி வரியாகப் பார்க்கவில்லை, கட்சி கட்டிக்கொண்டார்கள்.

தமிழில் எனக்கு அந்தப் பிரச்சினையே வரவில்லை. முதல் இடத்தில் மீனினங்கள், இரண்டாவது இடத்தில் மீன்கள்.

ஜனவரி 11, காலை 8.00

பழைய வழக்கு பற்றிக் கேட்டவருக்கு. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வருகிற இடத்தில் "டூ ஃபிஷஸ்". யோவான் எழுதிய நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வலையில் விழுந்த பெரிய மீன்கள் 153, அங்கும் ஃபிஷஸ். அவை எத்தனை இனம் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை, தலையைத்தான் எண்ணினார்கள். அதே நூலில் ஆதியாகமத்தில் மனிதன் ஆளவேண்டிய கடல் மீன்கள் என்று மொத்தமாகச் சொல்லும்போது "தி ஃபிஷ் ஆஃப் தி ஸீ". எகிப்தில் தின்ற மீனை நினைத்து இஸ்ரவேலர் ஏங்கும் இடத்திலும் ஃபிஷ்தான். அன்றைக்கு வேறுபாடு வேறு மாதிரி ஓடியிருக்கிறது: மொத்தமாகச் சொன்னால் ஃபிஷ், ஒன்று இரண்டு என்று எண்ணினால் ஃபிஷஸ்.

இனத்துக்கு ஃபிஷஸ், தலைக்கு ஃபிஷ் என்ற இன்றைய பங்கீடு பிற்பாடு படிந்தது. அதை ஆதியிலிருந்தே இருக்கும் விதி மாதிரிச் சொல்வதுதான் எனக்கு ஆகாது.

ஜனவரி 11, காலை 9.25

இன்னும் பின்னால் போனால் இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எஃப்-ஐ-எஸ்-சி என்று எழுதினார்கள். அந்த எஸ்-சிதான் பின்னால் எஸ்-ஹெச் ஆயிற்று. ஷிப், ஷீப் எல்லாவற்றுக்கும் அதே கதை. அன்றைய பன்மை எஃப்-ஐ-எஸ்-சி-ஏ-எஸ். ஆண்பால் பெயர்களுக்குச் சாதாரணமாகச் சேரும் ஈறு அது, இன்றைய எஸ்ஸுக்குத் தாத்தா. அப்படியானால் ஃபிஷஸ்தான் மூத்த பிள்ளை. பன்மையில் மாறாத ஃபிஷ் பின்னால் வந்தது.

ஷீப், டியர் இரண்டும் அப்படி அல்ல. அவை பழைய ஆங்கிலத்திலேயே பன்மையில் ஈறு சேர்க்காத அலிப்பால் பெயர்கள். பிறவியிலேயே மாறாதவை. ஃபிஷ் பிற்காலத்தில் அந்தக் கூட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "பழைய ஆங்கிலத்தில் ஃபிஷ்ஷுக்குப் பன்மை உருபே கிடையாது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். கிடையாது என்றால் அந்த ஏ-எஸ் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் மீனுக்குப் பிஸ்கிஸ். ப் ஒலி ஜெர்மானிய மொழிகளில் ஃப் ஆவது வழக்கம்: லத்தீன் பாட்டர், ஆங்கில ஃபாதர். 1822இல் இந்த மாற்றங்களை ஒழுங்காக வகுத்துச் சொன்னவர் யாக்கோப் கிரிம், தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம். மீன ராசியின் பைஸீஸும் இந்த லத்தீன்தான், பன்மை வடிவம். அந்த விண்மீன் குழுவுக்கு ஆங்கிலத்தில் வழக்கமாகக் கொடுக்கும் பெயர் "தி ஃபிஷஸ்". படத்தில் இருப்பது இரண்டே மீன். இன வேறுபாட்டை அங்கே கொண்டுபோய்த் தேடாதீர்கள்.

ஜனவரி 11, மதியம் 12.02

வானத்து மீனைப் பற்றிப் பேச வேண்டும் என்று இருவர் கேட்கிறார்கள். நட்சத்திரத்துக்கு மீன் என்று சங்கப் பாட்டில் வருவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது தனி இழை. இங்கே இழுத்தால் ஃபிஷ் செத்துவிடும். ஒன்றா பலவா என்று கேட்காதீர்கள்.

ஜனவரி 12, இரவு 8.30

வரும் என்று தெரியும், வந்துவிட்டது. ஜி-ஹெச்-ஓ-டி-ஐ. இதை ஃபிஷ் என்று படிக்கலாமாம். டஃப் என்ற சொல்லில் ஜி-ஹெச்சுக்கு ஃப் ஒலி, விமென் என்ற சொல்லில் ஓவுக்கு இ ஒலி, நேஷன் என்ற சொல்லில் டி-ஐக்கு ஷ் ஒலி. ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டல் பைத்தியக்காரத்தனம், இதைச் சொன்னவர் பெர்னார்ட் ஷா. இதுதான் பதிவு.

முதலில் ஷா. அவர் எழுதியவற்றில் இது இல்லை. அவர் பிறந்தது 1856. இந்த வேடிக்கை 1855லேயே எழுத்தில் இருக்கிறது: பதிப்பாளர் சார்ல்ஸ் ஆலியர் எழுத்தாளர் லீ ஹண்டுக்கு எழுதிய கடிதத்தில், என் மகன் வில்லியம் ஃபிஷ் என்பதற்குப் புது எழுத்துக்கூட்டல் கண்டுபிடித்திருக்கிறான் என்று சொல்லி இதைக் கொடுக்கிறார். எழுத்துச் சீர்திருத்தத்தில் ஷாவுக்கு இருந்த வெறி உலகம் அறிந்தது, ஆங்கிலத்துக்குப் புது எழுத்துமுறை உருவாக்க உயிலிலேயே பணம் ஒதுக்கினார். அதனால் யார் சொன்ன நகைச்சுவையும் அவர் கணக்கில் ஏறிவிட்டது. நம் ஊடகத்தில் எந்தப் பொன்மொழியானாலும் கலாமின் பெயரில் சுற்றுகிறதே, அந்த மாதிரி.

அடுத்தது, உண்மையில் ஜி-ஹெச்-ஓ-டி-ஐயை ஆங்கிலம் தெரிந்த யாரும் ஃபிஷ் என்று படிக்க மாட்டார்கள். ஜி-ஹெச் சொல்லின் தொடக்கத்தில் வந்தால் க் ஒலிதான்: கோஸ்ட். ஃப் ஒலி கடைசியில்தான்: லாஃப், இனஃப். டி-ஐ ஷ் ஆவது சொல்லின் நடுவில் இன்னோர் உயிருக்கு முன்னால்தான், கடைசியில் ஆகாது. ஓ என்பது இ ஆவது விமென் என்ற அந்த ஒரு சொல்லில்தான். விதிப்படி படித்தால் கோட்டி என்றுதான் வரும். அதாவது இந்த வேடிக்கை ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு விதியே இல்லை என்று காட்டவில்லை. எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து விதிகள் இருக்கின்றன என்றுதான் காட்டுகிறது. கோட்டி என்றால் தமிழில் என்ன பொருள் என்று தெற்கத்திக்காரர்களைக் கேளுங்கள்.

ஜனவரி 12, இரவு 8.44

ஸ்டார் ட்ரெக் படங்களில் வரும் வேற்றுக்கிரகவாசிகளுக்காக மார்க் ஒக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியில் மீனுக்கு உரிய சொல் இந்த எழுத்துகளை வைத்தே அமைந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்த குறும்பு.

ஜனவரி 14, காலை 10.10

பொருளுக்கு வருவோம். "ஸ்டார்ஃபிஷ், ஜெல்லிஃபிஷ் எல்லாம் மீன் இல்லையே, ஆங்கிலேயருக்கு மீனே தெரியாதா?" என்று கேள்வி. அவர்கள் பெயர் வைத்த காலத்தில் ஃபிஷ் என்றால் நீரில் வாழும் பிராணி, அவ்வளவுதான். ஷெல்ஃபிஷ்ஷில் சிப்பியும் நண்டும் இறாலும் அடங்கும். டியர் என்ற சொல்லும் ஒரு காலத்தில் எந்த விலங்கையும் குறித்தது, பிறகு மானோடு சுருங்கியது. ஃபிஷ்ஷும் அப்படிச் சுருங்கியதுதான். சுருங்கும்போது பழைய கூட்டுச்சொற்கள் வெளியே நின்றுவிட்டன. நாமும் கணவாய் மீன் என்கிறோம், நட்சத்திர மீன் என்கிறோம். சிரிக்க உரிமை இல்லை. ஏடுகளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு ஆங்கிலத்தில் ஸில்வர்ஃபிஷ் என்று பெயர், அதற்குத் தண்ணீர்கூட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது க்ரேஃபிஷ். நன்னீரில் வாழும் இறால் மாதிரியான பிராணி. அந்தச் சொல்லில் இருக்கும் ஃபிஷ் உண்மையான ஃபிஷ்ஷே அல்ல. பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றின் கடைசி அசை ஆங்கிலக் காதில் ஃபிஷ் மாதிரி விழுந்தது, அப்படியே ஒட்டிவிட்டார்கள். இன்றைய பிரெஞ்சில் அதே சொல் எக்ரெவீஸ். வேடிக்கை என்னவென்றால் பொய்யாக ஒட்டிய அந்த ஃபிஷ்ஷுக்கும் பன்மை விதி கிடைத்துவிட்டது. டென் க்ரேஃபிஷ் என்றுதான் எழுதுகிறார்கள். இலக்கணத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை.

ஜனவரி 14, மதியம் 3.45

உயிரியலில் போய் நின்றால் இன்னும் மோசம். நுரையீரல் மீன் என்று ஒன்று உண்டு. உறவுமுறையில் அது ஸாமன் மீனைவிட நமக்கு நெருக்கம். 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் கிடைத்து உலகத்தை ஆச்சரியப்படுத்திய சீலகாந்தும் அப்படியே. ஒரே மூதாதையிலிருந்து வந்த எல்லாரையும் சேர்த்தால்தான் ஒரு குழு என்று வைத்துக்கொண்டால், மீன் என்ற குழுவில் தவளை, காகம், நீங்கள், நான் எல்லாரும் வந்துவிடுவோம். இதனால்தான் உயிரியலாளர்கள் இந்தச் சொல்லை வசதிக்கு வைத்திருக்கிறார்கள், வகைப்பாட்டுக்கு அல்ல.

ஜனவரி 15, இரவு 10.00

வழக்குமன்றம் ஏறிய கதைகள் மூன்று. கேட்டவர்களுக்காகவும் கேட்காதவர்களுக்காகவும்.

1818, நியூயார்க். மீன் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சோதித்துக் கட்டணம் வாங்க வேண்டும் என்று சட்டம். ஒரு வியாபாரி கட்ட மறுத்தார்: என்னிடம் இருப்பது திமிங்கில எண்ணெய், திமிங்கிலம் மீன் அல்ல. இயற்கை ஆய்வாளர் சாமுவேல் மிட்சில் சாட்சிக் கூண்டேறி அது பாலூட்டி என்று விளக்கினார். லின்னேயஸ் 1758லேயே அதைப் பாலூட்டிகளோடு சேர்த்துவிட்டிருந்தார். நடுவர் குழு கேட்டுக்கொண்டு, திமிங்கிலம் மீன்தான் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் எழுதியவர்கள் எந்த அர்த்தத்தில் எழுதினார்கள் என்பதும் அறிவியல் எந்த அர்த்தத்தில் பேசுகிறது என்பதும் வேறு வேறு.

2022, கலிஃபோர்னியா. மேல்முறையீட்டு நீதிமன்றம் அழியும் நிலையில் உள்ள உயிர்களைக் காக்கும் சட்டத்தில் ஃபிஷ் என்ற சொல்லுக்குள் பம்பிள்பீ தேனீக்களையும் சேர்க்கலாம் என்றது. தலைப்புச் செய்தி எழுதியவர்களுக்கு அன்று கொண்டாட்டம். அந்த மாநிலச் சட்டத்தில் ஃபிஷ் என்பதற்கு இருக்கும் வரையறையில் முதுகெலும்பற்றவை என்ற சொல் ஏற்கெனவே இருந்தது என்பதை அவர்கள் எழுதவில்லை. நீதிபதிகள் தேனீக்குச் செதில் இருக்கிறது என்று சொல்லவில்லை, வரையறையைப் படித்தார்கள். அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. 2007இல் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீன்பிடி படகில் அளவுக்குச் சிறிய களவா மீன்கள் 72 இருப்பதை அதிகாரி அளந்து பார்த்தார். கரைக்கு வருவதற்குள் அந்த மீன்களைக் கடலில் வீசச் சொன்னார் படகுத் தலைவர் என்று வழக்கு. போட்ட சட்டமோ நிறுவன மோசடிகளைத் தடுக்க 2002இல் கொண்டுவந்தது: பதிவேடு, ஆவணம், தொட்டுணரக்கூடிய பொருள் எதையும் அழிக்கக் கூடாது. மீன் தொட்டுணரக்கூடிய பொருளா? 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று, அந்தச் சட்டத்தின் நோக்கத்தில் அல்ல என்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி எலினா ககன், மீன் என்பது உருவம் உள்ள தனித்தனிப் பொருள் என்பதற்கு ஆதாரமாக டாக்டர் சூஸ் 1960இல் எழுதிய குழந்தைப் புத்தகத்தைக் காட்டினார். புத்தகத்தின் பெயர்: ஒன் ஃபிஷ் டூ ஃபிஷ் ரெட் ஃபிஷ் ப்ளூ ஃபிஷ்.

கவனியுங்கள், டூ ஃபிஷ்.

ஜனவரி 16, காலை 6.50

ஒருவர் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறார்: மனிதன் தின்பதற்காகப் பிடிக்கிற மீன் பெயருக்கு எஸ் சேராது, மற்றதற்குச் சேரும். ஸாமன், ட்ரவுட், காட் இவற்றுக்கு எஸ் இல்லை. ஷார்க்ஸ், ஈல்ஸ் என்று எஸ் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. வேட்டைக்காரர் பேச்சில் விலங்குப் பெயர்கள் எஸ்ஸை உதறுவது உண்மையும்கூட. ஆனால் டன் டன்னாகப் பிடித்துத் தின்னும் சார்டின்ஸ், ஆன்ச்சவீஸ் இரண்டும் எஸ்ஸோடுதான் நிற்கின்றன. ஹெர்ரிங் இரண்டு பக்கமும் போகும். ஓட்டை பெரிது. ஒவ்வொரு பெயரையும் அகராதியில் பார்த்துக்கொள்வதே வழி.

ஜனவரி 16, காலை 7.05

உணவு என்று வந்துவிட்டதால்: சமைத்த மீன் எண்ணப்படாத பெயர். ஐ ஈட் ஃபிஷ் என்றால் மீன் சாப்பிடுவேன், அசைவம். ஐ ஏட் ஏ ஃபிஷ் என்றால் ஒரு முழு மீனைத் தின்றேன். முதல் வகையில் மச் ஃபிஷ், இரண்டாம் வகையில் மெனி ஃபிஷ். ஸம் ஃபிஷ் என்றால் எதுவாகவும் இருக்கலாம்.

ஜனவரி 18, மாலை 5.30

பழமொழிகளில் தேடாதீர்கள், அங்கே சொற்கள் உறைந்து கிடக்கும். காதலில் தோற்றவனைத் தேற்ற, கடலில் மீன் நிறைய உண்டு என்பார்கள். அங்கே ஃபிஷ். ஆளைக் கொன்று தண்ணீரில் போட்டுவிட்டார்கள் என்பதற்கு, மீன்களோடு தூங்குகிறான் என்பார்கள், 1972இல் வந்த காட்ஃபாதர் படத்தால் ஊரெல்லாம் பரவிய தொடர். அங்கே ஃபிஷஸ். அங்கே இன வேறுபாடா பார்த்தார்கள்?

ஜனவரி 19, இரவு 9.15

இன்னொரு ஃபிஷ் உண்டு, மொழிபெயர்க்கிறவர்களுக்கு வைத்த பொறி. 200 வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலக் கதைகளில் சீட்டாட்டம் முடிந்து வருகிற பெண், இத்தனை ஃபிஷ் ஜெயித்தேன், இத்தனை ஃபிஷ் தோற்றேன் என்பாள். மேசையில் மீன் வைத்து விளையாடவில்லை. பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை அது. பிரெஞ்சில் ஃபீஷ், ஒலி ஒப்புமையால் ஆங்கிலத்தில் ஃபிஷ் ஆகிவிட்டது. பிறகு எலும்பிலும் முத்துச்சிப்பியிலும் அந்த வில்லைகளை மீன் வடிவத்திலேயே செதுக்க ஆரம்பித்தார்கள். காதில் விழுந்த பிழை கையால் தொடக்கூடிய பொருளாகவே மாறிவிட்டது. ஒரு தமிழாக்கத்தில் அந்தப் பெண் "நிறைய மீன் வென்றேன்" என்று சொல்வதைப் படித்து, அவள் அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோனாள் என்று யோசித்தது உண்டு.

ஜனவரி 20, காலை 11.00

பி-ஹெச் போட்டு எழுதும் ஃபிஷிங் பற்றி: அதே சொல்தான், தூண்டில் போட்டுக் கடவுச்சொல்லைப் பிடிப்பது. 1990களில் வந்தது. எஃப் போய் பி-ஹெச் வந்ததற்கு, தொலைபேசி இணைப்புகளை ஏமாற்றி விளையாடியவர்கள் தங்களைப் ஃப்ரீக் என்று பி-ஹெச் போட்டு எழுதிக்கொண்ட பழைய வழக்கம் காரணம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, ஆய்தத்துக்கு இந்த வம்பு தெரியாது. எஃகிலும் அஃதிலும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த எழுத்தைப் பிடித்து இழுத்து வந்து இங்கே நிறுத்தியிருக்கிறோம். பிஷ் என்றே எழுதினால் என்ன என்று கேட்டவருக்கு, எழுதுங்கள், யாரும் சுழிக்க மாட்டார்கள்.

ஜனவரி 21, இரவு 7.40

உடைமைக்குறி பற்றிக் கடைசியாக வந்த கேள்வி நல்ல கேள்வி. ஒருமையும் பன்மையும் ஃபிஷ்ஷே என்றால், அப்பாஸ்ட்ரஃபி என்னும் தலைக்குறியும் எஸ்ஸும் சேர்த்து எழுதும் "ஃபிஷ்ஸ் ஐஸ்" ஒரு மீனின் கண்களா, பல மீன்களின் கண்களா? இரண்டுமே. ஷீப்புக்கும் அதே கதி. இ-எஸ் எழுதி அதற்குப் பிறகு தலைக்குறி போட்டால் பன்மை என்று தெளிவாகும், ஆனால் படிப்பவர் பல இனம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆஃப் போட்டுத் திருப்பி எழுதினாலும் தீராது, தி ஐஸ் ஆஃப் தி ஃபிஷ் என்பதும் அதே மூடுமந்திரம். தீஸ் ஃபிஷ் என்றோ ஈச் ஃபிஷ் என்றோ வாக்கியத்தை மாற்றிக்கொள்வதுதான் வழி. கூட்டுச்சொல்லில் இந்தக் கவலை இல்லை: எத்தனை மீன், எத்தனை இனம் இருந்தாலும் தொட்டிக்கு ஃபிஷ் டேங்க்தான்.